உப்புக் காற்றும் குளிர் காற்றும்

மன்னர்களின் படையெடுப்புகளுக்கு வரலாறு உண்டு. கோட்டைகளின் முற்றுகைகளுக்கும் வரலாறு உண்டு. ஆனால், மனிதன் வெயிலோடு நடத்திய நெடும் போராட்டத்தை எந்தப் பாடநூலும் தனி அத்தியாயமாகச் சொல்வதில்லை. வெயில் எல்லோருக்கும் பொதுவானது என்றும், ஆகவே அதற்கு வரலாறு தேவையில்லை என்றும் நாம் எண்ணிவிட்டோம் போலும். வெயில் பொதுவானதாயிருக்கலாம், நிழல் ஒருநாளும் பொதுவாயிருந்ததில்லை. நிழலுக்கு உடைமை உண்டு. குளிர்ச்சிக்கு விலை உண்டு. உடைமையும் விலையும் உள்ள இடத்தில் வரலாறும் உண்டு.

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தில், கற்பிட்டியிலிருந்து உடப்பு, சிலாபம் வழியாகத் தெற்கே செல்லும் சாலைகளில் ஓடுகின்ற வாகனங்களிற் பெரும்பாலானவை இளமை கடந்தவை. இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் யப்பானியத் தொழிற்சாலைகளிலிருந்து வெளிவந்த கார்களும் வேன்களும் இங்கே இன்னும் உழைக்கின்றன. இவற்றின் சாரதிகள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "வண்டியின் ஏசி முன்போலக் குளிரவில்லை, என்ன செய்யலாம்?" மேற்பார்வைக்கு இது சிறு கேள்வி, கராஜுக்குரிய கேள்வி, இலக்கிய ஏட்டில் இடம்பெறத் தகாத கேள்வி. ஆயினும் இதற்கு நேர்மையான விடை தேடப் புறப்படுவோர் பனிக்கட்டி வணிகத்தையும், ஏகபோக முதலாளித்துவத்தின் ஆய்வுகூடங்களையும், அந்தாட்டிக்காவின் வானத்தையும், நம் நாட்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியையும் கடந்தே திரும்ப வேண்டியிருக்கிறது.

உப்பும் பனியும்

புத்தளத்தின் பழைய செல்வம் உப்பு. ஒல்லாந்தர் கற்பிட்டியிற் கோட்டை கட்டியதற்குரிய காரணங்களுள் இக்கரையோர வாணிபத்தைக் கட்டுப்படுத்துவதும் ஒன்று. அவர்களும், பின்வந்த ஆங்கிலேயரும் உப்பைத் தம் ஏகபோகமாக்கினர். கடலும் வெயிலும் காற்றும் இலவசமாய்த் தந்த பொருளுக்கு அரசு விலை வைத்தது. அம்பாந்தோட்டையோடு புத்தளமும் நாட்டுக்கு உப்பளிக்கும் மாவட்டமாக இன்றும் விளங்குகிறது.

உப்பு வெறும் சுவைப்பொருளன்று. குளிர்சாதனம் இல்லாத காலத்தில் மீன் அழுகாமல் காத்தது அதுவே. கரையிற் பிடித்த மீன் உப்பும் வெயிலும் பட்டுக் கருவாடாகி மலையகத் தோட்டத் தொழிலாளியின் சட்டிவரை சென்றது. வெப்ப நாட்டு மக்கள் வெப்பத்தை எதிர்த்த முறை இது: வெயிலைக் கொண்டே வெயிலின் கேட்டைத் தடுத்தல்.

மறுமுறை வேறிடத்திற் பிறந்தது. 1833இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்து வணிகர் பிரெடெரிக் டியூடர், குளிர்காலத்தில் ஏரிகள் உறையும்போது அறுத்தெடுத்த பனிக்கட்டியைக் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். ஏற்றியது ஏறத்தாழ 180 தொன். நான்கு மாதப் பயணத்தின் பின் எஞ்சியது ஏறத்தாழ 100 தொன். மரத்தூளில் பொதிந்த அந்த நீர்க்கட்டி கம்பெனி அதிகாரிகளின் மதுக்கிண்ணத்தைக் குளிர்வித்தது. 1842இல் சென்னைக் கடற்கரையில் இதே வணிகத்துக்காக எழுந்த கட்டடத்தை 'ஐஸ் ஹவுஸ்' என்றே மக்கள் நெடுங்காலம் அழைத்தனர். அதைக் கடந்து கட்டுமரம் தள்ளிச் சென்ற மீனவன் அதனுள் இருந்த பொருளைத் தொட்டிருக்கக்கூடும், சுமை தூக்கும் கூலியாக. நுகர்ந்திருக்க நியாயமில்லை.

பின்னர் இயந்திரம் வந்தது. அமெரிக்காவின் புளோரிடாவில் மருத்துவராயிருந்த ஜோன் கோரி, காய்ச்சலால் துடித்த நோயாளரின் அறையைக் குளிர்விக்க வேண்டுமென்ற நோக்குடன் தொடங்கி, பனிக்கட்டி செய்யும் பொறிக்கு 1851இல் உரிமம் பெற்றார். அதனை அவரால் வணிகமாக்க முடியவில்லை, வறியவராகவே இறந்தார். அவுஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹரிசன் ஈதர் ஆவியைக் கொண்டும், ஜெர்மனியில் கார்ல் வொன் லிண்டே அமோனியாவைக் கொண்டும் இயங்கும் பொறிகளை அமைத்தனர். கரையோரப் பட்டினங்களில் மீனுக்கென்று கட்டி ஐஸ் செய்யும் பழைய பாணித் தொழிற்சாலைகள் இந்த மரபின் வாரிசுகள். அங்கே நன்னீர் நிரம்பிய தகரப் பெட்டிகளைக் கடுங்குளிர் உப்புநீர்த் தொட்டியில் அமிழ்த்துவர். உப்புநீர் சுழியத்துக்குக் கீழும் உறையாது. பெட்டியிலுள்ள நன்னீர் உறைந்து கட்டியாகும். கருவாட்டைக் காத்த உப்பே இங்கே ஐஸையும் ஆக்குகிறது. ஆனால் ஒரு வேறுபாடு. உப்பும் பாயும் எந்தக் குடிசையிலும் இருந்தன. ஐஸ் ஆலையும் லொறியும் எவன் கையில் இருந்தனவோ, அவன் கைக்கே மீனின் விலையும் சென்றது.

பனிக்கட்டியின் நினைவு இன்றைய ஏசிப் பொறியிலும் அழியாமல் இருக்கிறது. 'ஒரு தொன் ஏசி' என்று கடையிற் சொல்கிறார்களே, அது பொறியின் எடையன்று. ஒரு தொன் பனிக்கட்டி, அதாவது ஏறத்தாழ 907 கிலோகிராம், 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அவ்வளவு வெப்பத்தை அந்தப் பொறி வெளியேற்றும் என்பதே அதன் பொருள்.

முதலிற் குளிர்ந்தது காகிதம்

இன்றைய வளிச்சீராக்கியின் பிறப்பு 1902ஆம் ஆண்டோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தில் கோடைக்காலத்து ஈரப்பதத்தாற் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் இடம்மாறி விழுந்தன. அதைத் தீர்க்க இளம் பொறியியலாளர் வில்லிஸ் கரியர் காற்றின் ஈரத்தையும் வெப்பத்தையும் கட்டுப்படுத்தும் பொறியை வகுத்தார். குளிர் காற்று முதலில் காகிதத்தின் நலனுக்காகவே வந்தது என்பதை நாம் மறத்தலாகாது. பக்கத்தில் நின்ற அச்சுத் தொழிலாளியின் வியர்வை அப்பொறியின் கணக்கில் இருக்கவில்லை. காகிதத்தின் பயனை அவன் தற்செயலாய்ப் பெற்றான்.

மோட்டார் வண்டிக்குள் குளிர்காற்றைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்ற முதல் நிறுவனம் அமெரிக்காவின் பக்கார்ட். 1939இன் இறுதியில் அது காட்சிக்கு வந்தது. மேலதிக விலை 274 டொலர். பொறியின் பெரும்பகுதி பின்பெட்டியை அடைத்துக்கொண்டது. நிறுத்த விரும்பினால் எஞ்சினை நிறுத்தி, முன்மூடியைத் திறந்து, வாரைக் கழற்ற வேண்டும். சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. 1953இல் கிறைஸ்லர், ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனங்கள் மீண்டும் இதைத் தொடங்கின. 1954இல் நாஷ் நிறுவனம் முழுப் பொறியையும் வண்டியின் முற்பகுதிக்குள் அடக்கிற்று. 1960களின் இறுதியில் அமெரிக்காவின் புதிய கார்களுட் பாதிக்கு மேற்பட்டவை குளிர்காற்றுடன் விற்பனையாயின.

இந்தப் பரவலுக்கு வேதியியற் பொருளொன்று வழிவகுத்தது. பழைய குளிர்ப்பெட்டிகளில் அமோனியா, கந்தகவீரொட்சைட்டு, மெதயில் குளோரைட்டு ஆகியவை இருந்தன. கசிந்தால் ஆளைக் கொல்லக்கூடியவை. 1928இல் ஜெனரல் மோட்டர்ஸ் ஆய்வாளர் தோமஸ் மிட்ஜ்லியும் அவர் குழுவினரும் நஞ்சற்ற, தீப்பற்றாத குளோரோபுளோரோ காபன் சேர்வையைக் குளிரூட்டியாகக் கண்டெடுத்தனர். 1930இல் விஞ்ஞானிகளின் கூட்டத்தில் மிட்ஜ்லி அவ்வாயுவைத் தாமே உள்ளிழுத்து, மெழுகுதிரிமேல் ஊதி அணைத்துக் காட்டினார். 'பிரியோன்' என்ற பெயரில் அதை விற்க ஜெனரல் மோட்டர்ஸும் டுபோன்ட்டும் கூட்டு நிறுவனம் அமைத்தன. பெற்றோலில் ஈயத்தைக் கலக்கும் முறையைக் கண்டதும் இதே மிட்ஜ்லியே. ஒரு மனிதனின் அறிவுக்கூர்மையை நாம் பழிக்க வேண்டியதில்லை. ஆனால், அந்த வாயு மூச்சுக்குத் தீங்கற்றதா என்று மேடையிற் காட்டப்பட்டதே தவிர, வெளியேறிய பின் எங்கே போய்ச் சேரும் என்ற வினா அன்று எழவில்லை. அது சந்தைக்கு வேண்டாத வினா.

முதிய வண்டிகளின் நாடு

இலங்கைக்கு வந்த மொறிஸ் மைனரும் ஒஸ்டினும் குளிர் நாட்டிற் பிறந்தவை. அவற்றில் ஏசி இல்லை. முன்கதவின் முக்கோணச் சிறு கண்ணாடியைத் திருப்பிக் காற்றை முகத்திற் படச் செய்வதே அக்காலக் குளிரூட்டல். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி தட்டுப்பட்டபோது கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அன்று முதல் இந்நாட்டின் மோட்டார் வண்டிக்கு முதுமை என்பதே இல்லாமற் போயிற்று. பட்டறைத் தொழிலாளியின் கை அதற்குப் புதிய பிறவிகள் கொடுத்தது.

அந்தக் கையின் திறமையை யாழ்ப்பாணம் இன்னும் கடுமையான சோதனையில் நிரூபித்தது. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதாகிப் பொன்விலை பெற்றபோது, பழைய ஒஸ்டின், மொறிஸ் வண்டிகள் சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் குடித்துப் புறப்பட்டு, மண்ணெண்ணெயில் ஓடின. பல்கலைக்கழகப் பட்டம் பெறாத பொறியியல் அது. அதற்கு ஆய்வேடு இல்லை, விருது இல்லை.

1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின் யப்பானிய வாகனங்கள் பெருகின. யப்பானியர் பாவித்துக் கழித்தவை 'ரீகண்டிஷன்' என்ற பெயரில் நமக்குப் புதியவை ஆயின. குளிர்காற்றும் அவற்றோடு வந்தது. ஆனால் யப்பானின் காலநிலைக்கு அளவெடுத்துச் செய்த குளிர்காற்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இன் நெருக்கடியில் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை நின்றோம்; பின் கியூஆர் அட்டையில் வாராந்தப் பங்கு பெற்றோம். தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிற் மீண்டும் திறக்கப்பட்டபோதும், வரியும் விலையும் ஆசிரியருக்கும் சிறு வியாபாரிக்கும் எட்டாதவையாகவே இருந்தன. ஆகவே, பழைய வண்டியைப் பேணுவது இங்கே பொழுதுபோக்கு அன்று, வாழ்க்கை முறை.

இவ்வண்டிகளில் யார் செல்கின்றனர் என்பதையும் நோக்க வேண்டும். மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்ணைக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஏற்றிச் செல்லும் வேன் இது. சிறுநீரக நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வாடகைக் கார் இது. சாரதி நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எஞ்சின் சூட்டுக்கும் கண்ணாடி வெயிலுக்கும் இடையில் இருக்கிறான். வெயிலில் மூடி நிறுத்திய வண்டியின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்துள் 50 பாகையைத் தாண்டிவிடும். அவனுக்குக் குளிர் காற்று ஆடம்பரம் என்பவர் அந்த இருக்கையில் அமர்ந்து பார்த்ததில்லை.

வெப்பம் எங்கே போகிறது?

இனிக் கேள்விக்கு வருவோம். பழைய வண்டியின் குளிர்ச்சியை எவ்வாறு மேம்படுத்தலாம்?

முதலில் ஓர் உண்மை. எந்தப் பொறியும் குளிரை 'உண்டாக்குவதில்லை'. குளிர் என்று தனிப்பொருள் இல்லை. வெப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் எறிவதே பொறியின் தொழில். வண்டிக்குள் உள்ள ஆவியாக்கியில் திரவம் ஆவியாகும்போது உட்காற்றின் வெப்பத்தை மறைவெப்பமாக உறிஞ்சுகிறது. அந்த ஆவியை அமுக்கி, அதாவது கம்பிரசர், நெருக்கிச் சூடேற்றுகிறது. முன்முகப்பில் ரேடியேட்டருக்கு முன் நிற்கும் ஒடுக்கி, அதாவது கண்டென்சர், அவ்வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்து ஆவியை மீண்டும் திரவமாக்குகிறது. உலர்த்தி ஈரத்தை உறிஞ்சுகிறது. விரிவு வால்வு திரவத்தை அளந்து விடுகிறது. இச்சக்கரத்தில் எங்கே தடை ஏற்படினும் குளிர் குறையும்.

நமது கரையில் முதற்பகை உப்புக் காற்று. அலுமினியத்தின்மேல் இயல்பாகவே மெல்லிய ஒட்சைட்டுப் படலம் இருந்து அதைக் காக்கிறது. உப்பிலுள்ள குளோரைட்டு அப்படலத்தைத் துளைக்கிறது. மணலும் தூசும் ஈரஉப்போடு சேர்ந்து கண்டென்சரின் மெல்லிய தகடுகளுக்கிடையே அடைந்துவிடுகின்றன. வெப்பம் வெளியேற வழியின்றி அழுத்தம் ஏறுகிறது, எஞ்சின் திணறுகிறது, உள்ளே வெதுவெதுப்பான காற்று வீசுகிறது. ஆகவே முதல் மருத்துவம் நன்னீர். வேகமாய்ப் பீய்ச்சினால் தகடு மடியும். மென்மையாக, உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகக் கழுவ வேண்டும். கடற்கரைச் சாலையில் ஓடும் வண்டிக்கு இது மாதந்தோறும் செய்யத்தக்க பணி. மடிந்த தகடுகளைச் சீப்புப் போன்ற கருவியால் நிமிர்த்தலாம். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள சந்துகளை ரப்பரால் அடைத்தால், விசிறி இழுக்கும் காற்று தகடுகளைத் தவிர்த்துத் தப்பிச் செல்லாது. ஓடும்போது குளிர்ந்து, சந்தை நெரிசலில் நிற்கும்போது குளிராத வண்டியென்றால், முதலில் ஐயப்பட வேண்டியது அந்த விசிறியையே.

இரண்டாவது, கசிவு. "ஏசி குளிரவில்லை" என்றதும் "கேஸ் அடியுங்கள்" என்பது வழக்கமாகிவிட்டது. கேஸ் எரிபொருள் போற் செலவாகும் பொருளன்று. மூடிய சக்கரத்திற் சுழலும் பொருள் குறைந்ததெனின் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை விட்டு ஆண்டுதோறும் கேஸ் நிரப்புவது, வட்டி கட்டி முதலைத் தீர்க்காத கடன்காரனின் நிலை. சவர்க்கார நுரையையோ, புறஊதா ஒளியில் மினுங்கும் சாயத்தையோ கொண்டு கசிவைக் கண்டு, தேய்ந்த ரப்பர் வளையங்களையும் உலர்த்தியையும் மாற்ற வேண்டும். அதன்பின் வெற்றிடப் பம்பினால் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட வேண்டும். ஈரம் தங்கினால் விரிவு வால்வில் உறைந்து அடைக்கும். எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கும். இறுதியாக, முன்மூடியின் உட்புறத்தில் ஒட்டியுள்ள சீட்டிற் குறித்த எடையைத் தராசில் நிறுத்தே நிரப்ப வேண்டும். பல சிறு கார்களுக்கு இது 500 முதல் 700 கிராம் வரையே. கூடுதலாய் நிரப்பினால் கூடுதலாய்க் குளிரும் என்பது தவறான நம்பிக்கை. கண்டென்சரில் திரவம் தேங்கி, குளிர்ச்சி குறையவே செய்யும்.

மூன்றாவது, உள்ளே புகும் வெப்பம். சூடாக்கிக்குச் செல்லும் வெந்நீர் வால்வு முழுதாய் மூடாத பழைய வண்டி, ஒரு கையாற் குளிர்வித்து மறுகையாற் சுடவைக்கிறது. கிழிந்த கதவு ரப்பரும், ஆவியாக்கியில் அப்பிய தூசும், அடைபட்ட வடிகுழாயும் இதே வகையின. வண்டி ஏறியதும் சிறிது நேரம் கண்ணாடிகளை இறக்கி அடைபட்ட அனலை வெளியேற்றி, பின்னர் மூடி, உட்காற்றையே சுழலவிட வேண்டும். கரையோரக் காற்றின் ஈரத்தை நீராக்கவே பொறியின் உழைப்பிற் கணிசமான பங்கு செலவாகிறது. ஒருமுறை உலர்ந்த காற்றை மீண்டும் குளிர்விப்பது எளிது.

இவை யாவற்றுக்கும் முன்னும் பின்னும் நடுக்காற்று வாயிலில் வெப்பமானி வைத்து அளந்து குறித்தல் வேண்டும். உள்ளங்கையின் சாட்சியத்தை நம்பிப் பணம் கொடுப்பதை விட, எண்ணை நம்புதல் சாரதிக்கும் நல்லது. நேர்மையான தொழிலாளிக்கும் நல்லது.

வானத்துக் கணக்கு

பழைய வண்டியின் இரத்தக்குழாயில் ஓடும் வாயுவுக்கும் ஓர் அரசியல் உண்டு. 1974இல் மொலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள், குளோரோபுளோரோ காபன்கள் மேல்வானிற் சிதைந்து ஓசோன் படையை அழிக்கும் என்று எச்சரித்தனர். தொழில் நிறுவனங்கள் அதனை ஆண்டுக்கணக்கில் எதிர்த்தன. 1985இல் அந்தாட்டிக்காவின் மேல் ஓசோன் பெரிதும் குறைந்திருப்பதைப் பிரித்தானிய ஆய்வாளர் வெளியிட்டனர். 1987 செப்டெம்பர் 16இல் மொன்றியல் உடன்பாடு கையெழுத்தாயிற்று. இலங்கை 1989 டிசம்பரில் அதில் இணைந்தது.

நஞ்சைப் பெருமளவில் ஆக்கியவையும் நுகர்ந்தவையும் செல்வ நாடுகள். மாற்றுப்பொருளின் உரிமமும் அவர்களிடமே. அவ்வாறாயின் மாறுவதற்கான செலவை ஏழை நாடுகள் ஏன் சுமக்க வேண்டும் என்று இந்தியாவும் சீனாவும் வினவின. 1990இல் லண்டன் கூட்டம் பன்முக நிதியத்தை ஏற்படுத்தியது இவ்வினாவின் விளைவே. செல்வ நாடுகள் 1995உடனும், வளரும் நாடுகள் 2010உடனும் அவ்வாயுக்களின் உற்பத்தியை முடித்தன. ஓசோன் படை மெல்ல மீண்டு வருகிறது. மக்கள் ஒன்றுபட்டு ஒரு கேட்டைத் தடுக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் காலத்தில் இல்லை.

இம்மாற்றத்தின் கடைசிப் படி கராஜின் எண்ணெய்த் தரையில் நிகழ்ந்தது. 1990களின் நடுப்பகுதி வரையிலான வண்டிகள் ஆர்-12 என்ற பழைய வாயுவுக்கென அமைந்தவை. அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ வாயு பழைய கனிம எண்ணெயோடு கலவாது. பழைய குழாய் ரப்பரினூடே எளிதிற் கசியும். வெயிலிற் சற்று உயர்ந்த அழுத்தத்தில் வேலை செய்யும். ஆகவே எண்ணெய், வளையங்கள், உலர்த்தி ஆகியவற்றை மாற்றி, பழைய அளவில் 80 முதல் 90 சதவீதமே நிரப்பி, இயலுமாயின் மேம்பட்ட கண்டென்சரும் கூடுதல் விசிறியும் பொருத்த வேண்டும். இதைச் செய்யாமல் வாயுவை மட்டும் மாற்றிவிட்டு, "புது கேஸ் குளிராது" என்று குறைகூறுதல் முறையன்று.

ஆர்-134ஏ ஓசோனுக்குத் தீங்கற்றது. ஆனால் புவியைச் சூடாக்குவதில் அதன் ஒரு கிலோகிராம் 1430 கிலோகிராம் காபனீரொட்சைட்டுக்கு நிகர். 600 கிராம் வாயுவைத் திறந்துவிட்டால் ஏறத்தாழ 370 லீற்றர் பெற்றோல் எரித்த கேடு வானில் ஏறுகிறது. இதனால்தான் 2016இன் கிகாலித் திருத்தம் இவ்வகை வாயுக்களையும் குறைக்க முடிவு செய்தது. இலங்கை 2018இல் அதனை ஏற்றது. கசிவை அடைக்கும் ஒரு தொழிலாளி தன் சிறு பட்டறையில் நின்று செய்வது உலகப் பணி. அதற்குரிய மதிப்பையும், வாயுவை மீட்டெடுக்கும் கருவியையும், பயிற்சியையும் அவனுக்கு நாம் கொடுத்திருக்கிறோமா என்பதே கேள்வி.

இங்கே உயிராபத்தும் உண்டு. மலிவென்று சமையல் வாயுவை ஏசியிற் நிரப்பினால் குளிரும், உண்மை. மூடிய வண்டிக்குள் கசிந்தால் ஒரு தீப்பொறி போதும். போலி வாயுவும் அவ்வாறே. 2011இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிரூட்டிய கப்பற்கொள்கலன்கள் வெடித்துத் தொழிலாளர் உயிரிழந்தனர். கலப்படமாக மெதயில் குளோரைட்டு சேர்ந்து அலுமினியத்தோடு வினைபுரிந்ததே காரணமெனக் கண்டனர். 1928க்கு முன் வீடுகளிற் கொன்ற அதே பொருள், இலாப வேட்கையின் பின்வாசல் வழியே திரும்பி வந்தது. இறந்தவர்கள் அக்கொள்கலனிலிருந்த குளிர்ந்த பண்டங்களின் சொந்தக்காரர்கள் அல்லர்.

வெளியே நிற்பவர்

குளிர்ப்பொறி வெப்பத்தை இடம்மாற்றுகிறதே தவிர அழிப்பதில்லை என்ற விதி, பௌதிகத்துக்கு மட்டும் உரியதன்று. கண்ணாடிக்குள் இருப்பவர் குளிர்கிறார். அவ்வண்டி துப்பும் அனல் சாலையோரத்தில் மீன்கூடையோடு நிற்பவள்மேற் படுகிறது. இவ்விதியைப் பெரிதாக்கிக் காண வேண்டுமாயின் நுரைச்சோலைக்குச் செல்லலாம். 2011இல் இயங்கத் தொடங்கி 2014இல் 900 மெகாவாற் ஆக நிறைவெய்திய அனல்மின் நிலையம் அங்கே நிற்கிறது. தலைநகரின் அறைகளைக் குளிர்விக்கும் மின்சாரத்திற் பெரும்பங்கு அங்கிருந்து செல்கிறது. கழிவு வெப்பமோ கற்பிட்டிக் கடலுக்குச் செல்கிறது. நிலக்கரித் தூசு குறித்து அயலில் வாழும் விவசாயிகளும் மீனவரும் பல்லாண்டுகளாக முறையிட்டு வந்துள்ளனர். குளிர் ஓரிடம், அனல் வேறிடம் என்பதே இந்த ஏற்பாட்டின் சாரம்.

இதனால் குளிர்காற்றே வேண்டாமென்று துறவு பேசுவது நமது நோக்கமன்று. துறவுபதேசம் எப்போதும் இல்லாதவனை நோக்கியே செய்யப்படுகிறது. உழைப்பவனுக்கு நிழல் வேண்டும்; நோயாளிக்குக் குளிர் வேண்டும்; மீனுக்கு ஐஸ் வேண்டும். வேண்டுவது, வெப்பத்தை யார் தலையில் இறக்குகிறோம் என்ற கணக்கை மறைக்காதிருத்தல். அந்தக் கணக்கில், இருக்கும் வண்டியின் கசிவை அடைத்து, கழுவி, அளந்து நிரப்பி, இன்னும் பத்தாண்டு ஓட்டுவது, புதியது வாங்கிப் பழையதை எறிவதை விடப் பல வேளைகளில் நேர்மையானது. சந்தை இதனைச் சொல்லித் தராது. திருத்துவதில் அதற்கு இலாபம் குறைவு.

ஆகவே இது பள்ளிக்கூடத்தின் கடமையாகிறது. மறைவெப்பம் என்ற பாடத்தைக் கரும்பலகையில் எழுதி மனனம் செய்யவைக்கும் நாம், அதே பாடம் பள்ளி வாயிலுக்கு எதிரேயுள்ள கராஜில் ஒவ்வொரு நாளும் நிகழ்வதை மாணவருக்குக் காட்டலாம். உலோகம் ஏன் அரிக்கிறது என்பதை உப்பளத்துக் காற்றிற் காட்டலாம். ஓசோன் என்பது தேர்வுத்தாளின் ஐந்து மதிப்பெண் வினா அன்று, அண்ணன் வேலை செய்யும் பட்டறையின் வினா என்று உணர்த்தலாம். படித்தவனுக்கும் பட்டறைக்காரனுக்கும் இடையில் நாம் எழுப்பிவைத்த சுவர் அவ்வாறு சிறிதேனும் இடியும்.

கம்பெனி அதிகாரியின் கிண்ணத்திலிருந்து அச்சகத்துக் காகிதத்துக்கும், அங்கிருந்து செல்வந்தரின் காருக்கும் சென்ற குளிர்ச்சி, இன்று முதிய வேனொன்றின் சாரதியிடம், அரைகுறையாகவேனும், வந்து சேர்ந்திருக்கிறது. அதை அவனிடம் கொண்டுவந்து சேர்த்ததும், அணையாமற் காத்து நிற்பதும் உழைக்கும் கைகள். அந்தக் கைகளுக்குச் சரியான அறிவும் சரியான கருவியும் கிடைக்குமாயின், உப்புக் காற்றோடு அவை இன்னும் நெடுங்காலம் போராடும்; வெல்லவும் செய்யும்.